மதிலுக்கு உள்ளே எண்ணினால் போதுமா?

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தின் நடுவில் நான்கு நாட்கள், நாடெங்கும் பல கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் பொழுது விடியும்போதே நோட்டும் பென்சிலுமாகப் புறப்படுகிறார்கள். விடுதித் தோட்டத்திலும், விளையாட்டு மைதானத்திலும், குளக்கரையிலும் நின்று கண்ணில் படும் பறவைகளை இனவாரியாக எண்ணிக் குறித்துக் கொள்கிறார்கள். வளாகப் பறவைக் கணக்கெடுப்பு எனப்படும் இந்தப் பணி இந்தியாவில் 2015-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது.

அதே காலை நேரத்தில் மதிலுக்கு வெளியே ஒரு சிறு விவசாயி, மிளகாய்த் தோட்டத்தில் இறங்கிய மயில்களைத் தகரத்தைத் தட்டி விரட்டிக் கொண்டிருக்கிறார். அந்த மயில்களில் சில, சற்று முன்பு மாணவர்களின் நோட்டில் ஏறியவையாகவே இருக்கும். மதிலுக்கு உள்ளே மயில் பல்லுயிர்ச் செல்வம். மதிலுக்கு வெளியே அதுவே பயிர்த் தொல்லை. எண்ணுகிறவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர் என்ற நிலை இருக்கும் வரை இந்தக் கணக்கு அரைக் கணக்காகவே இருக்கும்.

கணக்கெடுப்பு நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது வளாகத்து மதிலைத் தாண்டி வயல் வரப்புக்கு வர வேண்டும். விவசாயியும் நோட்டை எடுத்து எண்ண வேண்டும். அதனால் அவருக்கு வரும் லாபம் கொஞ்சநஞ்சமல்ல.

தோன்றிய விதம்

பொதுமக்களைக் கொண்டு பறவைகளை எண்ணும் வழக்கம் அமெரிக்காவில் 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தொடங்கியது. அதற்கு முன்பு அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் இரு கட்சியாகப் பிரிந்து, எந்தக் கட்சி அதிகப் பறவைகளைச் சுடுகிறது என்று போட்டி நடத்துவார்கள். சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்று பிராங்க் சாப்மன் என்ற பறவையியல் அறிஞர் யோசனை கூறினார். முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் மட்டுமே எண்ணினார்கள். இன்று அது பெரிய இயக்கமாகிவிட்டது.

பிப்ரவரி மாதக் கணக்கெடுப்பு 1998-ல் அதே நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே யாரும் எண்ணலாம் என்பது இதன் சிறப்பு. இந்தியா 2013-ல் இதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்றும் நடக்கிறது. போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாட்களில் யாரும், எங்கிருந்தும் இதில் கலந்து கொள்ளலாம்.

விதிமுறை மிகவும் எளியது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ, நடந்தோ பார்க்க வேண்டும். தென்பட்ட, குரல் கேட்ட பறவைகள் அனைத்தையும் பெயருடனும் எண்ணிக்கையுடனும் எழுத வேண்டும். பிறகு செல்போன் மூலம் இணையத்தில் பதிய வேண்டும். பட்டப்படிப்பு எதுவும் தேவையில்லை. கண்ணும் காதும் பொறுமையும் போதும்.

எண்ணியதால் தெரிந்தவை

இப்படிப் பொதுமக்கள் சேர்த்த விவரங்களைக் கொண்டு இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-லும் 2023-லும் அறிக்கைகள் வெளியாயின. இரண்டாவது அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்களின் குறிப்புகள் பயன்பட்டன. அதில் 942 இனங்கள் ஆராயப்பட்டன. நீண்ட காலப் போக்கைக் கணிக்கப் போதிய விவரம் கிடைத்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்து வந்திருப்பது தெரிந்தது.

விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான பறவைகளைப் பற்றியும் இவற்றில் செய்தி உண்டு. சிட்டுக்குருவி அடியோடு அழிந்து போகிறது என்ற பேச்சு எங்கும் இருந்தது. பெரிய நகரங்களில் அது குறைந்திருப்பது உண்மையே. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் நிலையாக இருக்கிறது என்று 2020 அறிக்கை கூறியது. மாறாக, யாரும் கவலைப்படாமல் இருந்த பனங்காடை வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. தந்திக் கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துத் தின்னும் நீலச் சிறகுப் பறவை அது. மயில் பெருகியிருக்கிறது என்று விவசாயிகள் பல காலமாகச் சொல்லி வந்ததை இந்த அறிக்கைகள் உறுதிப்படுத்தின.

ஆக, வாய்ச்சொல்லில் சில சரி, சில தவறு. எது சரி, எது தவறு என்பதை எண்ணிக்கைதான் காட்டியது.

வளாகங்களில் உள்ள செல்வம்

கல்வி நிலையங்களைத் தேர்ந்தெடுத்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. விரிந்த பரப்பு, பழைய மரங்கள், குளம் குட்டை, சுற்றிலும் மதில், வேட்டைக்குத் தடை ஆகிய இத்தனையும் ஒரே இடத்தில் வேறெங்கும் எளிதில் அமைவதில்லை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு மாறியபோது அந்த இடம் முட்புதர்க்காடாக இருந்தது. சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தில், எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் செடி கொடிகளை ஆராய்ந்ததோடு மரங்களையும் நட்டார். கிண்டிக் காட்டை ஒட்டி 1959-ல் அமைந்த சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வகுப்பறைக்குப் பக்கத்திலேயே புள்ளிமானும் வெளிமானும் மேய்வதைக் காணலாம். 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் வளாகத்திலோ மரச்சோலைகளும் நெல் வயல்களும் அடுத்தடுத்து உள்ளன.

இத்தகைய இடங்களில் ஆண்டுதோறும் எண்ணுவதால் மாணவர்களுக்கு உயிரினங்களைப் பற்றிய அறிவு வளர்கிறது. எந்த மரத்தை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று நிர்வாகமும் யோசிக்கிறது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. எங்கள் வளாகத்தில் இத்தனை இனங்கள் என்று பட்டியலை நீட்டுவதிலேயே சில இடங்களில் அக்கறை செல்கிறது. அரிய பறவை ஒன்றைக் கண்டுவிட்ட பெருமையைவிட, சாதாரண மைனாவும் கரிச்சானும் ஐந்து ஆண்டுகளில் கூடினவா, குறைந்தனவா என்பதே சுற்றுவட்டாரத்துக்குத் தேவையான செய்தி.

தங்குவது அங்கே, இரை தேடுவது இங்கே

பறவைக்கு மதில் கிடையாது. வளாகத்து ஆலமரத்தில் இரவு தங்கும் உண்ணிக்கொக்கும் மைனாவும் பகலெல்லாம் உழவு வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் இரை தேடுகின்றன. பழைய கட்டடத்து மாடத்தில் குஞ்சு பொரிக்கும் கூகை, இரவில் வயல் எலியைப் பிடிக்கப் பறந்து வருகிறது. கிளிகள் வளாகத்து மரப்பொந்தில் முட்டையிட்டு, பக்கத்துச் சோளக் கொல்லையில் கதிரைக் கொறிக்கின்றன. மயில் புதர்க்காட்டில் தங்கி, நாற்றங்காலிலும் நிலக்கடலைக் காட்டிலும் மேய்கிறது.

எனவே வளாகத்துப் பல்லுயிரைப் பேணுவதன் பயனிலும் சுமையிலும் ஒரு பங்கு அக்கம்பக்கத்து விவசாயியைச் சேர்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. மதிலுக்கு உள்ளே மட்டும் எண்ணினால் இந்த வரவும் செலவும் ஒருபோதும் தெரியவராது.

இப்படி வரவு செலவு பார்ப்பது புதிதல்ல. பீகாரில் உள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மேக்ஸ்வெல் லெப்ராய் என்ற இருவர், பறவைகளின் இரைப்பையைச் சோதித்து எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று ஆராய்ந்தனர். 'இந்தியப் பறவைகளின் உணவு' என்ற பொருளில் அவர்களுடைய நூல் 1912-ல் வெளியாயிற்று. விவசாயிக்கு எது நண்பன், எது பகை என்று கண்டறிவதே அதன் நோக்கம். தானியம் தின்னும் தூக்கணாங்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகிறது என்பது போன்ற செய்திகள் இத்தகைய ஆராய்ச்சிகளால் தெரிய வருகின்றன. ஒரே பறவை தை மாதத்தில் பகையாகவும் ஆடி மாதத்தில் நண்பனாகவும் இருக்கலாம்.

எண்ணினால் மருந்துச் செலவு குறையும்

பறவையோடு நின்றுவிடாமல் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணினால் கைமேல் பலன் உண்டு. நெல்லில் புகையான் தாக்குதலுக்கு மருந்தடிக்க வேண்டிய பொருளாதாரச் சேத நிலையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ளது. வயலில் சிலந்தி இல்லையென்றால் ஒரு தூருக்கு ஒரு புகையான் காணப்பட்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரும் வரை பொறுக்கலாம். அதாவது, ஒரு சிலந்தி இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்தே மருந்துச் செலவு முடிவாகிறது. சிலந்தியை எண்ணாத விவசாயி கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மருந்தடிக்கிறார். அந்த மருந்து சிலந்தியையும் கொன்றுவிட, எஞ்சிய புகையான் முன்னைவிடப் பெருகுகிறது.

இந்தோனேசியாவில் இதே அனுபவம் நாட்டளவில் ஏற்பட்டது. மருந்தைக் கொட்டக் கொட்டப் புகையான் அதிகரித்ததால், அந்நாட்டு அரசு 1986-ல் நெல்லுக்கு அடிக்கப்பட்டு வந்த 57 பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. தொடர்ந்து 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, கெடுதல் செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று தாங்களே எண்ணிப் படம் வரைந்து, கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பின்னர் இம்முறை இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்குப் பரவியது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத விவசாயிகளும் இதைத் திறம்படச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பயறு வயலில் பறவை உட்காரும்படி 'டி' வடிவக் குச்சி நடும்படி சிபாரிசு செய்கிறார்கள். கரிச்சான் அதில் அமர்ந்து காய்ப்புழுவைப் பொறுக்கும். குச்சி நடுவதற்கு முன் எத்தனை கரிச்சான் வந்தது, நட்ட பின் எத்தனை வந்தது என்று எழுதி வைத்தால், அந்தக் குச்சிக்கு ஆன கூலி வீணா, பயனா என்று விவசாயிக்கே விளங்கிவிடும். தானியப் பயிரில் கதிர் முற்றும் தருணத்தில் குச்சிகளை அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை தானியம் தின்னும் பறவைகளுக்கு வசதியாகிவிடும்.

மயிலும் காட்டுப்பன்றியும்

"கணக்கெடுத்தால் மயில் குறைந்துவிடுமா?" என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. எண்ணுவதால் மட்டும் ஒரு மயில்கூடக் குறையாது. ஆனால் எண்ணாததால் ஏற்படும் நஷ்டத்தையும் யோசிக்க வேண்டும்.

1963 முதல் மயில் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம் பெற்றுள்ளது. கோபத்தில் விஷம் வைப்பவருக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அரை ஏக்கர் மிளகாய்க்காகச் சிறை செல்வது குடும்பத்தையே சீரழித்துவிடும். நிவாரணம் கேட்பதும், மயில் பிரச்னைக்கு அரசு வழி காண வேண்டும் என்று வற்புறுத்துவதும்தான் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள். அதற்கு மனு கொடுக்கும்போது எத்தனை மயில், எந்த மாதத்தில், எந்தப் பயிரில், எவ்வளவு பரப்பில் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. "ஏராளமாக வருகிறது" என்ற பதில் கோப்பில் ஏறாது. இருபது விவசாயிகள் ஓராண்டு காலம் தேதியிட்டு எழுதிய கணக்கை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

காட்டுப்பன்றி விஷயத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்பவற்றை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடிப் பெற்றது அது. ஆனாலும் எந்த ஊரில், எந்தப் பக்கமிருந்து, எத்தனை வருகின்றன என்ற விவரம் ஊர்க்காரர்களின் கையில் இல்லாவிட்டால், உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும்.

அஞ்சத் தேவையில்லை

பறவை அதிகம் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நிலத்துக்கே தடை வந்துவிடுமோ என்ற பயமும் கிராமங்களில் உண்டு. இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. கணக்கெடுப்பு எதற்கு, விவரம் யாரிடம் போகும், எங்கே வெளியாகும் என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே கிராம சபையில் விளக்கிச் சொல்லிவிட வேண்டும். விவசாயிகளின் நோட்டில் ஒரு பிரதி ஊரிலேயே இருக்க வேண்டும்.

பறவையால் விவசாயிக்கு நன்மை என்றால் அவரே அதற்குக் காவலாக நிற்பார் என்பதற்கு வேடந்தாங்கல் சாட்சி. ஏரியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர், பாயும் வயல்களுக்கு உரமாகிறது என்பதை அவ்வூரார் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர்களும் அவர்களே. சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் வரவு செலவு பார்த்துவிட்டார்கள்.

விவசாயி எண்ணும் முறை

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. வயலில் ஒரே இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் காலை 6 மணிக்கு மேல் 15 நிமிடம் பார்த்தால் போதும். ஊரில் வழங்கும் பெயரிலேயே எழுதலாம். இரட்டைவால் குருவி என்றாலும் கரிச்சான் என்றாலும் ஒன்றுதான். ஒரே பறவையை இரு முறை எண்ணாமல், ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுத வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யமும் ஒரு கணக்குதான்.

எலிக்கு, மாலையில் வரப்பிலுள்ள வளைகளை எல்லாம் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ண வேண்டும். அவைதான் எலி குடியிருக்கும் வளைகள். அவற்றில் மட்டும் நடவடிக்கை எடுத்தால் செலவு மிச்சம். நெல் வயலில் மூலைக்கு மூலை நடந்து 20 குத்துகளைப் பார்த்துப் புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே குறிக்க வேண்டும். மருந்தடித்த தேதி, மருந்தின் பெயர், சேதமான பரப்பு ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதி வந்தால் இரண்டு மூன்று போகங்களில் ஓர் உண்மை நிலை புலப்படும். எழுத நேரமில்லாத விவசாயிகளுக்கு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உதவலாம்.

பல்கலைக்கழகங்களின் கடமை

பெரும் பொறுப்பு பல்கலைக்கழகங்களையே சார்ந்தது. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும்போது, ஊர் விவசாயிகளுடன் சேர்ந்து ஒரு வயல் கணக்கெடுப்பையும் நடத்தலாம். மற்றப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பிப்ரவரிக் கணக்கெடுப்புக்குச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகளை அழைக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்காக அழைக்கக் கூடாது. உடன் எண்ணுவதற்காக அழைக்க வேண்டும். ஒரே காலையில் மதிலின் இரு புறத்திலும் எண்ணினால்தான், எவை தங்குகின்றன, எவை மேய வருகின்றன என்பது தெரியும். எந்தப் பறவை எந்தப் பருவத்தில் எந்தப் பயிருக்கு வரும் என்பதில் விவசாயியிடம் மாணவர் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி நூலகத்தில் வைக்கப்படும் அறிக்கையால் வயலுக்கு ஒரு பயனும் இல்லை. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி தோறும் ஒரு மேலாண்மைக் குழுவும், மக்கள் பங்கேற்புடன் ஒரு பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவேடு இருப்பதே பல ஊர்களில் விவசாயிகளுக்குத் தெரியாது. ஆண்டுதோறும் எண்ணிய விவரம் அதில் ஏறுமானால், அந்தப் பதிவேட்டுக்கும் உயிர் வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. விதையையும் உரத்தையும் அளந்து போடும் விவசாயி, தன் வயலுக்கு வந்து போகும் உயிர்களை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார். அவரை விட்டுவிட்டே எண்ணுவதைப் படித்தவர்களும் வழக்கமாக்கிக் கொண்டார்கள். இரு தரப்பாரும் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். பொங்கல் கணக்கெடுப்பும் பிப்ரவரிக் கணக்கெடுப்பும் ஆண்டுதோறும் வருகின்றன. அடுத்த முறை அவை வருவதற்குள் ஊருக்குப் பத்து விவசாயிகளாவது ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி எழுதித் தொடங்கிவிட வேண்டும்.